காலை வண்டி போகும் திசை

திருச்சியிலிருந்து திரும்பும் மாலை வண்டியில் இன்று எதிர்ப் பலகையில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். நார்த்தாமலைப் பாறைகள் ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தபோது, மடியில் வைத்திருந்த பையை ஒரு அம்மாள் லேசாகத் திறந்து, மாப்பிள்ளை வேட்டியைத் தடவிப் பார்த்தாள். கோடித் துணியின் கஞ்சி வாசனை பெட்டி முழுக்கப் பரவியது. உன் கடையின் வாசனை அது. பையில் இருந்தது ஒரு திருச்சிக் கடையின் பெயர்.

இல்லாதவனுக்குக் கடிதம் எழுதி என்னடா ஆகப்போகிறது என்று கேட்பாய். ஒன்றும் ஆகாதுதான். ஆனால் இன்று ஆபீசில் ஒரு விஷயம் சொன்னார்கள். அதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

நம் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து, ஊருக்குத் தலைநகரம் என்ற பேர் போனபோது நாம் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பையன்கள். சர்க்கார் கச்சேரி அலமாரிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைச் சேர்ந்து நின்று பார்த்தோம். அலமாரிக்குப் பின்னால் குமாஸ்தாக்கள் போனார்கள், அவர்களுக்குப் பின்னால் குடும்பங்கள். வாடகை வீடுகள் பூட்டிக் கிடந்தன. பட்டா, அப்பீல் என்று எதற்கெடுத்தாலும் திருச்சிக்கு ஓட வேண்டியதாயிற்று. அப்போதுகூட கீழ ராஜ வீதியில் உங்கள் ஜவுளிக் கடை அசையவில்லை. முகூர்த்தச் சேலை எடுக்கக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். சேலை எடுத்தவர்களுக்குக் கடையிலேயே இலை போட்டுச் சாப்பாடு. உன் அப்பா காலத்து வழக்கம் அது. அவர் போன பிறகு, சிறு வயதிலேயே கல்லாவில் உட்கார்ந்த நீயும் அதை விடவில்லை. சாப்பிட்ட சனம் அப்படியே பாத்திரக் கடை, மளிகைக் கடை, தட்டான் கடை என்று வீதி முழுக்க இறங்கும். ஒரு கல்யாணம் வந்தால் வீதிக்கே வியாபாரம்.

நான் பாலிடெக்னிக் முடித்து ரயில்வேயில் ஓவர்சியராகச் சேர்ந்த சமயம்தான் வேக வண்டிப் பேச்சு கிளம்பியது. லைனைப் பலப்படுத்தி, வளைவுகளை நிமிர்த்தி, சின்ன ஸ்டேஷன்களில் நிற்காமல் விட்டால் திருச்சி கைக்கெட்டும் தூரம். ஊர் வியாபாரிகள் எல்லாரும் உன் கடை மாடியில் கூடினார்கள். நீதான் முன்னால் நின்றாய். தலைநகரம் என்ற பேர் போனாலும் வண்டி வந்தால் ஊர் பிழைத்துக்கொள்ளும், திருச்சிக்காரன் இங்கே வந்து சரக்கு எடுப்பான், ஸ்டேஷன் பக்கம் மில் வரும் என்று அடுக்கிக்கொண்டே போனாய். ரயில்வேக்குக் கொடுத்த மகஜரில் நேரத்தையும் நீங்களே கேட்டு எழுதினீர்கள். காலையில் ஆபீஸ் திறக்கும் நேரத்துக்குத் திருச்சி போய்ச் சேர வேண்டும், சாயங்காலம் வேலையெல்லாம் முடித்துக்கொண்டு நிதானமாகத் திரும்ப வேண்டும். கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைகிறவர்களுக்கு அதுதான் தோது.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "வண்டி எவ்வளவு வேகம்னு பாக்குறீங்க. காலையில எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்தீங்களா?" என்றேன். காலையில் ஆளை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருகிற வண்டி அந்த ஊருக்குத்தான் வியாபாரம் பார்க்கும். தண்ணீர் எந்தப் பக்கம் சரிவோ அந்தப் பக்கம்தான் ஓடும். வாய்க்காலை அகலமாக வெட்டிவிட்டால் இன்னும் சீக்கிரம் வடியும்.

ஆவூர்க் கோயில் பாதிரியார் மாதிரி நான் பிரசங்கம் பண்ணுவதாக மாடியே சிரித்தது. நீ என் தோளில் தட்டி, "ஆவூர்ச் சாமியாருக்குப் பூசை நேரம் வந்துருச்சு, காப்பியக் குடுத்து அனுப்புங்க" என்றாய். பிறகு சமாதானமாக, "அங்கிட்டுப் போற சனம் இங்கிட்டும் வரும்லடா" என்றாய்.

லைன் வேலையை நான்தான் பார்த்தேன். சரளை கொட்டினோம், கனத்த தண்டவாளம் மாற்றினோம். நல்ல வேலை. இன்றைக்கும் அந்த லைனில் ஒரு குறை சொல்ல முடியாது. முதல் வண்டிக்கு வாழை கட்டினீர்கள். இன்ஜினுக்கு நீ மாலை போட்டாய். கொஞ்ச காலம் எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. ஸ்டேஷன் வாசலில் புதிதாய்க் காப்பிக் கடைகள், ஜட்கா வண்டிகள். "என்ன சாமியாரே, மூஞ்சிய எங்கிட்டுக் கொண்டுபோயி வச்சுக்கப்போறீங்க?" என்று போகிற வருகிற இடத்தில் எல்லாம் கேட்டாய். நான் காலை வண்டியில் ஏறுகிற பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோர்ட்டுக்கு யாரும் அத்தனை பெண்களைக் கூட்டிக்கொண்டு போவதில்லை.

பிறகு அந்தச் சாயங்காலம். சரக்கு பேல் எடுக்க நீ பிளாட்பாரத்தில் நின்றிருந்தாய். நானும் பக்கத்தில் இருந்தேன். மாலை வண்டியிலிருந்து உன் சொந்த அத்தை, மகள் கல்யாணத் துணி மூட்டையோடு இறங்கினார்கள். உன்னைக் கண்டதும் அவர்கள் முகம் சுண்டிப்போனது.

"கோவிச்சுக்காதப்பா. சும்மா பாத்துட்டு வரலாம்னுதான் போனோம். காலையில ஏறுனா சாயங்காலம் வீடு. அம்புட்டுத் தினுசு ஒங்கிட்ட இல்லேல்ல?"

நீ மூட்டையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போய் ஜட்காவில் ஏற்றிவிட்டாய். திரும்பி வந்து என்னைப் பார்த்து, "நீ வாயத் தொறக்காத" என்றாய். நான் சொன்னது சரியாகிப்போனதில் எனக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ நம்பியிருக்க மாட்டாய்.

அதற்குப் பிறகு கடையில் இலை விழுவது குறைந்தது. இலை விழாத நாளில் பாத்திரக் கடையிலும் கூட்டம் இல்லை. தட்டான் கடை பூட்டியது. தினுசு கூட்ட நீ கடன் வாங்கிச் சரக்குப் போட்டாய், அது அலமாரியிலேயே மடிப்பு மங்கிற்று. கடைசியில் கடனுக்குக் கடையைக் கொடுத்துவிட்டு, நீ மாலை போட்ட அதே வண்டியில் தினம் வேலைக்குப் போனாய். திருச்சியில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் விற்பனையாள். ஏன் உன்னை எடுத்தார்கள் என்று கேட்டேன்.

"நம்ம பக்கத்துச் சனத்த எனக்குத்தானடா பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்? வாங்க ஆத்தா, பெரியவளுக்கு நாந்தானே எடுத்துக் குடுத்தேன்னு சொன்னா வேற கடைக்குப் போவாங்களா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஊரின் வியாபாரத்தை எடுத்த வண்டி, கடைசியில் ஊரைத் தெரிந்த ஆளையும் எடுத்துக்கொண்டது.

காமாலை என்று தெரிந்தும் நீ லீவு போடவில்லை. முகூர்த்த மாதம் என்றாய். திருச்சி ஆஸ்பத்திரியில் நான் வந்து நின்றபோது உன் கண்கள் மஞ்சளாக இருந்தன. தண்ணீர் கேட்பாய் என்று நினைத்தேன்.

"வண்டி நேரத்துக்கு வந்துச்சா?" என்று கேட்டாய்.

இனி ஆபீசில் சொன்னதைச் சொல்கிறேன். அடுத்தது அறந்தாங்கி லைன். அங்கேயும் பலப்படுத்தி, வளைவு நிமிர்த்தி, வேக வண்டி விடப்போகிறார்களாம். அளவு எடுக்க என்னைத்தான் போடுகிறார்கள். அறந்தாங்கி வியாபாரிகள் சிலர் ஆபீஸ் வாசலில் காத்திருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவனுக்கு அன்று மாடியில் பேசியபோது உனக்கிருந்த வயதுதான் இருக்கும், சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். பெரிய ஊருக்குக் காலையில் போகவும் சாயங்காலம் திரும்பவும் தோதாக நேரம் கேட்டிருக்கிறார்களாம்.

காலையில் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தீர்களா என்று கேட்டேன். அவன் சிரித்தான். "போற சனம் வரத்தானே சார் செய்யும்?" என்று சொல்லி, எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தான். உன் சிரிப்பேதான்.

நாளை காலையில் நாடாவும் மட்டப்பலகையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். போகிற ஊரில் எல்லாம் கேட்பேன், சிரித்தாலும் கேட்பேன். அதை விட்டால் உனக்காக நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். மாலை வண்டி ஊருக்குள் நுழைந்து கூவும்போது கை தானாகக் கடிகாரத்துக்குப் போகிறது.

நேரத்துக்குத்தான் வருகிறது. ஒரு நாள்கூடத் தப்புவதில்லை.