மூன்றாம் மாடிச் சுவர்

ஜூன் 3

ஆய்வுக்கூடக் கட்டடத்தில் இன்று முதல் எனக்குத் துப்புரவு வேலை. என் வீட்டுக்காரர் கடைசியாகக் கான்கிரீட்டுக்குச் சென்ட்ரிங் பலகை அடித்த கட்டடம். திறப்பு விழாவுக்கு முன்பே நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோய்விட்டது. உள்ளே நுழைந்தவள் நகரவில்லை. நாலு மாடிக்கும் நடுவே வெட்டவெளி, மேலே கண்ணாடி. வெயில் தரைவரை இறங்குகிறது. படிக்கட்டுக்கு அடியில் தூணே இல்லை — எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

ஜூன் 4

அசடு நான். மூன்றாம் மாடிச் சுவர் பூச்சில்லாமல் வரிவரியாக இருந்தது. அழுக்கென்று அரைமணி நேரம் தேய்த்தேன். சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தார். "யம்மா, அது அழுக்கில்ல. கான்கிரீட் ஊத்த அடிச்ச பலகையோட தடம். தெரியணும்னுதான் பூசாம விட்டிருக்கு."

அவர் அடித்த பலகை. ஆணித்தலைகூடப் பதிந்திருக்கிறது. ஐயோ, இதையா தேய்த்தேன்?

ஜூன் 5

வேலைக்குப் போகவில்லை.

ஜூன் 9

கையை வைத்துப் பார்த்தேன். மரத்தின் கண் அப்படியே கல்லில் அச்சாகியிருக்கிறது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு வரி கோணவில்லை. வேலை எப்படிப் போகுது என்று கேட்டால், "போகுது" என்பார். அவ்வளவுதான். இப்படி ஒண்ணைச் செஞ்சுட்டு எப்படிங்க வாயே திறக்காம சாப்பிட்டுட்டுப் படுத்தீங்க?

ஜூன் 17

இங்கே படிக்கிற பிள்ளைகள் சாய்ந்து சாய்ந்து சுவரெல்லாம் கைக்கறை, டீக்கறை. சனிக்கிழமை வெள்ளை பெயின்ட் அடிக்கப்போகிறார்களாம். பராமரிப்பு பார்க்கும் இன்ஜினியரம்மாவிடம் நேராகப் போனேன்.

"கறை போயிட்டா பெயின்ட் வேண்டாம்தானே மேடம்?"

"ஆசிட் ஊத்தினா சுவரே அரிச்சிடும்மா. வேற எதுல போகும்?"

"ரெண்டு நாள் குடுங்க."

குடுத்துட்டாங்க. எனக்கு எங்கேர்ந்து வந்தது அந்த வாய்? போகலைன்னா?

ஜூன் 18

மெத்தென்ற பிரஷ், சோப்புத் தண்ணீர். வரி ஓடும் பக்கமாகவே; குறுக்கே இல்லை. தோள் விட்டுப்போச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கோட்டுப் பெண் ஒருத்தி காலையிலிருந்து ஒரே சோதனைக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

டீக்கறை அசையவில்லை.

ஜூன் 19

சமையல் சோடாவைக் குழைத்து அப்பிவைத்தேன். மூன்றாம் தடவை கறை விட்டது.

ஜூன் 20

இன்ஜினியரம்மா சுவரைத் தடவிப் பார்த்தார். பெயின்ட் டப்பாக்கள் லிஃப்டில் கீழே போயின.

"இவ்வளவு பக்குவம் யாரும்மா சொல்லிக்குடுத்தாங்க?"

"யாரும் இல்ல மேடம். இது எங்க வீட்டுக்காரர் அடிச்ச பலகை."

சொல்லிவிட்டேன். இன்ஜினியரம்மா சுவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். "எது வரைக்கும் அவர் அடிச்சது?"

உச்சிவரை கையைக் காட்டினேன்.