நாற்பது நிமிடத் தூரம்

பிப்ரவரி 4

மதிய விமானத்தை அனுப்பிவிட்டு அவளுக்குத் தகவல் சொன்னேன்.

"கிளம்பிருச்சு."

"சரி."

அவ்வளவுதான். புருஷன் பெண்டாட்டி பேசுற பேச்சா இது! இரண்டு விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரங்களுக்கும் நடுவே நேரடித் தொலைபேசி உண்டு. அதில் அவள் விமானத்தைத் தவிர வேறெதுவும் பேச மாட்டாள். இருவருக்கும் ஒரே வேலை, விமானங்களுக்கு வழி சொல்லி ஏற்றி இறக்குவது. நான் இங்கே, அவள் அங்கே. வானத்தில் இருநூறு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். சாலையில் மலையைச் சுற்றி ஒன்பது மணி நேரம். இடுப்பு கழன்றுவிடும்.

பிப்ரவரி 11

அவளை இங்கே மாற்றித் தரும்படி என் தலைமை அதிகாரியிடம் கேட்டுவிட்டேன். இது பெரிய நிலையம், பதவியும் உயரும். போனில் சொன்னதும், "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று வைத்துவிட்டாள். நல்லதுக்குத்தானே செஞ்சேன்?

பிப்ரவரி 12

விமானத்தைத் தவிர நான் எதுவும் பேசவில்லை. அவளும்தான்.

பிப்ரவரி 20

இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

மதிய விமானம் இங்கிருந்து கிளம்பிப் பாதி வழியில் இரண்டு இயந்திரத்தில் ஒன்று நின்றுபோனது. உள்ளே நாற்பது பேர். திருப்பி அழைக்க வழியில்லை, இங்கே இடியும் மழையும் கொட்டித் தீர்த்தது. அவள் ஊரில்தான் இறங்கியாக வேண்டும். அங்கேயும் மேகம் தாழ்ந்து கிடந்தது.

"நீங்க போனை வெச்சிடாதீங்க. அங்க மழை விட்டா மட்டும் சொல்லுங்க" என்றாள். அப்புறம் விமானியிடம் அவள் பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது. அடுக்களையில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்வதுபோல, அத்தனை நிதானம். மலை இடுக்கிலிருந்து காற்று திடீரென்று திரும்பும் என்று எச்சரித்து, ஓடுபாதையின் மறுமுனை வழியாக வரலாம் என்றாள். விமானி ஒப்புக்கொண்டார். பிறகு சத்தமே இல்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இறங்கிருச்சு. எல்லாரும் நல்லா இருக்காங்க."

கொஞ்சம் கழித்து, அதே போனில், "பயந்துட்டேங்க. இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிடாதீங்க" என்றாள்.

"நான் இருக்கேன்" என்றேன். இவளையா நான் இடம் மாற்றப் பார்த்தேன்?

பிப்ரவரி 21

காலையில் அவளே கூப்பிட்டாள். "இந்த ஊர்க் காத்து எனக்குப் பழகிப்போச்சு. நான் இங்கயே இருக்கட்டுமா?" அனுமதி கேட்கிறாள், என்னிடம்! வெட்கமாகிவிட்டது. "இரு. நான் வர்றேன்" என்றேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மார்ச் 3

அவள் ஊருக்கே எனக்கு மாற்றல் கேட்டதும் தலைமை அதிகாரி சிரித்தார். "எல்லாரும் மேல போகத்தான் கேப்பாங்க. நீ என்னய்யா, இறங்கிப் போறேங்கிற?" ஆமாம் சார் என்றேன்.

ஜூன் 16

அவள் ஊருக்கு வந்தாயிற்று. புதிதாக வருபவர் இந்தக் கோபுரத்தில் பழகித் தேர்வு கொடுத்தால்தான் தனியாக உட்கார முடியும். எனக்கு இன்று தேர்வு. தேர்வு வைப்பவள் அவளேதான், இங்கே அதற்குத் தகுதி அவளுக்கு மட்டும். என் பத்து வருஷ அனுபவத்தை அவள் சட்டையே செய்யவில்லை. மூன்று இடத்தில் தப்பைப் பிடித்தாள், மூன்றும் நியாயம். "அடுத்த வாரம் மறுபடியும்" என்று எழுதிவிட்டாள்.

மாலையில் ஒரே வண்டியில் வீட்டுக்கு வந்தோம். வாசலில் இறங்கியதும், "கோவமா?" என்றாள்.

"இல்ல மேடம்" என்றேன்.