முன்னறைக்குக் கேட்கும்படி

ஜனவரி 8

இன்றும் அக்கா ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அது அவளுக்கே தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் இரண்டே அறை. முன்னறை அப்பாவின் தையல் கடை. திரைக்கு இந்தப் பக்கம் சமையல், படுக்கை, படிப்பு, சண்டை எல்லாம். அக்கா கல்லூரியில் இரண்டாம் வருஷம், பௌதிகம். விளக்கு போட்டதும் அவள் புத்தகத்தைப் பிரித்துச் சத்தமாகப் படிக்க வேண்டும். முன்னறைக்குக் கேட்க வேண்டும். மெஷின் சத்தம் நின்றால் வேலை நின்றுவிட்டது என்று அர்த்தம், படிப்பும் அப்படித்தான் என்பது அப்பாவின் எண்ணம். அவள் குரல் நின்றால் அவர் மெஷினும் நிற்கும். "உள்ள என்ன, சத்தத்தைக் காணோம்?" அக்கா உடனே விட்ட இடத்திலிருந்து - இல்லை, கண் விழுந்த இடத்திலிருந்து - ஆரம்பித்துவிடுவாள்.

கணக்கையும் சத்தமாகத்தான் படிக்கிறாள். அடைப்புக்குறிக்குள் எக்ஸ் கூட்டல் ஒய், அடைப்புக்குறி முடிந்தது, சமம்.

பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டுக் கேட்டு அம்மாவுக்குப் பாதிப் பாடம் மனப்பாடம். நேற்று காலை என்னை எழுப்பும்போது, "வெப்பம் தானா எங்கயும் உண்டாகாதாம்டி, எழுந்து வந்து அடுப்பைப் பத்த வை" என்றாள். அக்காகூடச் சிரித்தாள்.

எல்லோரும் தூங்கிய பிறகு, வெட்டுத்துணி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மாடிப்படி விளக்கு ஜன்னல் வழியாக இங்கே வரைக்கும் விழுகிறது. பேனா மூடியைக்கூட மெதுவாகத்தான் திறக்கிறேன். அப்பாவுக்குக் காது கூர்மை.

ஜனவரி 16

அக்காவின் ரிசல்ட் வந்துவிட்டது. ஒளியியல், வெப்பவியல், கணக்கு. மூன்றும் போச்சு.

ஜனவரி 17

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கத்தரியை மேஜையில் வைத்துவிட்டு, தைக்க வேண்டிய துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் அத்தை வந்தாள். அத்தை வீட்டு மாமா கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். ஆள் எடுக்கிறார்களாம், பெரியவளை அனுப்பு என்றாள். "தையக்காரன் பொண்ணு தைக்கிறதுல என்ன குறைச்சல் அண்ணா, இவ படிச்சு சூரியனைத் திருப்பியா வைக்கப் போறா?" அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அத்தை போன பிறகு அப்பா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். என்னைப் பார்த்துத்தான் அதிகம் பேசினார், அக்காவைப் பார்க்க முடியாமல்.

"ஏப்ரல்ல இன்னொரு தடவை எழுதட்டும். மூணும் தேறணும். ஒண்ணு போனாலும் இவ கார்மெண்ட்ஸுக்குப் போகட்டும். உனக்கும் பள்ளிக்கூடத்தோட சரி. ரெண்டு பேருக்கும் சேத்து ஏமாற என்னால முடியாது."

நான் பதினொன்றாவது. நான் என்ன செய்தேன்?

இல்லை, அப்படிக் கேட்கக் கூடாது. அக்காதான் என்ன செய்தாள்? தினமும் தொண்டை வற்ற வற்றப் படித்தாள். நான் சாட்சி.

ஜனவரி 18

இனிமேல் காலையிலும் படிக்க வேண்டுமாம். இன்னும் சத்தமாக.

ஜனவரி 23

அப்பா பட்டன் வாங்கப் போயிருந்தார். அக்கா அப்போதும் படித்துக்கொண்டிருந்தாள், பழக்கதோஷம். நான் அவள் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி மூடினேன். இப்ப படிச்சதைச் சொல்லு என்றேன்.

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். வாயைத் திறந்தாள். "ஒளி வந்து..." அவ்வளவுதான். ஒளி வந்து. அதற்கு மேல் வரவில்லை. என்னைப் பார்த்தபடியே இருந்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

"படிக்கும்போது எல்லாம் புரியுதுடி. சத்தியமா. மூடினா ஒண்ணுமே இல்ல. என் மண்டையில ஏதோ கோளாறு."

கோளாறு மண்டையில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் சயின்ஸ் மிஸ் வந்ததும் வராததுமாக, புத்தகத்தை மூடு, பேப்பரை எடு என்பார். போன வாரப் பாடம், போன மாதப் பாடம், எதிலிருந்து வேண்டுமானாலும் கேட்பார். எல்லோரும் அவரைச் சபிப்போம். ஆனால் அவர் பாடம் மட்டும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் பரீட்சை முடிந்த மறுநாளே காணாமல் போகிறது.

ஜனவரி 25

அக்காவிடம் கேள்வி கேட்டுப் பார்த்தேன். பதில் யோசிக்க அவளுக்கு நேரம் வேண்டும். யோசித்தால் சத்தம் வராது. சத்தம் வராவிட்டால் அப்பா. "காணோமே?" உடனே அடைப்புக்குறிக்குள் எக்ஸ் கூட்டல் ஒய்.

இந்த வீட்டில் யோசிக்க வழியே இல்லை.

ஜனவரி 29

ஒரு வழி இருக்கிறது. 

அக்காவின் குரலில் நான் படிப்பேன். அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பாள். அப்பா துணிக்கு அளவு வெட்டிப் போட்ட பிரவுன் தாள் மூலையில் கிடக்கிறது, அதன் பின்பக்கம் எழுதலாம். அதே பாடத்தை நான் படித்தால் அவளுக்குக் குழம்பும். அதனால் அவளுடைய போன வருஷப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

ஒரே சிக்கல் என் குரல். அப்பா என்னைக் கூப்பிடுவதே கீச்சு என்றுதான். இன்றே குரலைத் தாழ்த்திப் படித்தேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், ஜலதோஷம் பிடித்த வாத்தியார் மாதிரி இருக்கிறதாம்.

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

ஜனவரி 30

அம்மா கண்டுபிடித்துவிட்டாள்! அப்பா சாப்பிட்டுக் கை கழுவப் போனபோது, தலையைத் தூக்காமல், "இது போன வருஷத்துக் காந்தப் பாடமாச்சே" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா ஊசியில் நூலைக் கோத்தாள். சட்டையைத் திருப்பினாள்.  கொஞ்ச நேரம் கழித்து, தொண்டை கட்டிக்கொள்ளும், வெந்நீர் குடி என்றாள்.

பிப்ரவரி 11

அக்கா முதலில் எழுதியதெல்லாம் தப்பு. அடித்து அடித்து, பிறகு புத்தகத்தைத் திறந்து பார்த்துச் சரிசெய்து, மறுபடி மூடி எழுதினாள். அழுதாள் என்பதையும் எழுத வேண்டும். படிக்கும்போது இருந்த நிம்மதி இதில் இல்லை, ஒவ்வொரு நாளும் நான் முட்டாள் என்று எனக்கே நிரூபிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள்.

ஆனால் போன வாரம் எழுத முடியாததை இந்த வாரம் எழுதுகிறாள். நடுவில் இரண்டு மூன்று நாள் விட்டுக் கேட்டாலும் வருகிறது. ஒளியியல் பாதிக்கு மேல் முடிந்தது. கணக்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றாள், அதுதான் அவளுக்குப் பயம்.

ரிசல்ட் வந்ததிலிருந்து தூங்காமல் புரண்டவள் இப்போது தூங்கவும் தூங்குகிறாள்.

பிப்ரவரி 20

என் மாதத் தேர்வில் குறைந்துவிட்டது. சாயங்காலம் முழுக்க அக்காவாக இருக்கிறேன், நானாக இருக்க நேரம் இல்லை. மிஸ் கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா, குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். மழையில் நனைந்தேன் என்றேன். மழையே இல்லை.

பரவாயில்லை. அவள் தேறினால்தானே எனக்கு அடுத்தது.

மார்ச் 5

வெப்பவியலும் முடிந்தது. நாளையிலிருந்து கணக்கு.

மார்ச் 7

எல்லாம் போச்சு.

எப்படி எழுதுவது. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அத்தை வந்தது எங்களுக்குத் தெரியாது. தன் ரவிக்கையைத் தானே தைத்துக்கொள்கிறேன் என்று அவள் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா தண்ணீர் குடிக்கத் திரையை விலக்கினார்.

நான் படித்துக்கொண்டிருந்தேன், அந்தக் கட்டைக் குரலில். அக்கா வாய்மூடி எழுதிக்கொண்டிருந்தாள். அவர் நின்றது தெரிந்தும் என் வாய் நிற்கவில்லை, தானாகப் படித்துக்கொண்டே போகிறது. அப்புறம்தான் நின்றது.

அப்பா பிரவுன் தாள்களை எடுத்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் அடித்தல், திருத்தல், பெருக்கல் குறி, "தெரியவில்லை" என்று அக்காவே ஓரத்தில் எழுதி வைத்தது. சரியாக எழுதிய தாள்களை நாங்கள் கசக்கி எறிந்துவிட்டோம்! தப்பான தாள்களைத்தான் திரும்பப் பார்ப்பதற்காக வைத்திருந்தோம்.

"இவ்ளோ நாளா இதைத்தான் பண்ணிட்டிருந்தியா?"

அக்கா சொல்ல ஆரம்பித்தாள், இப்படித்தான்ப்பா மனசுல நிக்குது என்று. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "என் காதையே ஏமாத்திட்டியேடி, கீச்சு."

அடித்திருக்கலாம். அதைவிட அடித்திருக்கலாம்.

அத்தை முன்னறையிலிருந்து, என்ன அண்ணா, என்ன அங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா எழுந்து அப்பா பக்கத்தில் போய் நின்றாள். இந்த ஒரு தடவை அவ போக்குல விடுங்களேன் என்று மெதுவாகச் சொன்னாள். உனக்கும் தெரியுமா என்று கேட்டார் அப்பா. அம்மா அவர் கையிலிருந்த தாள்களை வாங்கி அடுக்கினாள். அதுவே பதில் ஆகிவிட்டது.

மார்ச் 8

அக்காவுக்கு முன்னறையில் முக்காலி போட்டாயிற்று. அப்பாவின் கண் முன்னால் கணக்கு படிக்கிறாள். சத்தமாக. துணி கொடுக்க வருகிறவர்கள், பரவாயில்லையே, பொண்ணு நல்லா படிக்குதே என்கிறார்கள். அப்பா தலையாட்டுகிறார்.

மார்ச் 19

ராத்திரி கழிப்பறைக்குப் போகிற சாக்கில் அக்காவிடம் ஒரு கணக்கைக் காட்டினேன். மூடி வைத்துப் போட்டுப் பார் என்றேன். வேண்டாம்டி, மாட்டினால் உன்னையும் நிறுத்திவிடுவார் என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஏப்ரல் 4

பரீட்சை தொடங்கியது. அக்காவின் சுடிதாரை அப்பாவே இஸ்திரி போட்டுக் கொடுத்தார். மடிப்பு கலையாமல் உட்காரு என்றார். அவருக்கு எங்கள் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏப்ரல் 10

கணக்கு எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அவள் வந்த விதத்திலேயே தெரிந்தது.

மே 22

ஒளியியல் தேறிவிட்டாள். எழுபத்தெட்டு. வெப்பவியல் தேறிவிட்டாள். கணக்கு போச்சு.

அத்தையிடம் அப்பா சொன்னது திரை வழியாகக் கேட்டது. "கடைசியில என் கண்ணு முன்னாடி உக்கார வச்சதாலதான் ரெண்டு பாடமாவது தேறுச்சு. முதல்லயே அப்படிச் செஞ்சிருக்கணும். தப்பு என்னோடதுதான்." குரல் உடைந்திருந்தது. உண்மையாகவே நம்பித்தான் சொல்கிறார். போய்ச் சொல்லலாமா என்று எழுந்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஜூன் 2

அக்கா வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். காலர் தைக்கிற பிரிவு.

எனக்குப் பள்ளிக்கூடத்தோடு சரி என்று முடிவாகச் சொல்லவில்லை. பன்னிரண்டாவது முடிக்கட்டும், நல்லா வந்தா அப்புறம் பார்க்கலாம் என்றார் அப்பா. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் வந்தது. உடனே என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 6

முன்னறையில் அந்த முக்காலியில் இப்போது நான். சொந்தக் குரலில் படிக்கச் சொல்கிறார். என் சொந்தக் குரல் எது என்று தேட வேண்டியிருக்கிறது. படித்துக்கொண்டே போகிறேன், ஒன்றும் உள்ளே போவதில்லை. மூடிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17

ஞாயிற்றுக்கிழமை. அப்பா துணி கொடுக்கப் போயிருந்தார். கொல்லையில் நானும் அக்காவும் துணி துவைத்தோம். அவள் கம்பெனி உடுப்பில் நூல்பிசிறு ஒட்டி ஒட்டி வருகிறது. ஊசி ஏறிய விரலில் கட்டு. அடுத்த கையை வளையமாக வைத்துச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். விரல்களுக்கு நடுவில் மெல்லிசாக ஒரு படலம். பச்சையும் ஊதாவுமாக நிறம் ஓடியது.

வாய் தவறி, ஏன்க்கா நிறம் வருது என்று கேட்டுவிட்டேன். பழைய பழக்கம்.

அவள் படலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மேல் பக்கத்துல பட்டுத் திரும்புற ஒளியும் கீழ்ப் பக்கத்துல பட்டுத் திரும்புற ஒளியும் சேருது. தடிப்பு எவ்ளோன்னு பொறுத்து சில நிறம் கூடும், சிலது அழிஞ்சிடும். அதான் இடத்துக்கு இடம் மாறுது. மேல் ஓரத்தைப் பாரு, தண்ணி இறங்கி ரொம்ப மெலிசாயிடுச்சு. அங்க எல்லாமே அழிஞ்சு கறுப்பாத் தெரியும்." அப்புறம் சமன்பாடு. அதற்குப் பிறகு, கீழ்ப் பக்கத்தில் இல்லாமல் மேல் பக்கத்தில் மட்டும் ஏன் அரை அலைநீளம் மாறுகிறது என்பது. ஒரு வரி விடவில்லை.

ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் புத்தகத்தை அவள் தொட்டதே இல்லை. அது பழைய புத்தகக் கடைக்குப் போய்விட்டது.

சொல்லி முடித்தாள். அவளுக்கு மார்க் போட வேண்டும் போல் இருந்தது. அவள் கட்டு நனையாமல் அந்த விரலைத் தூக்கிப் பிடித்தபடி, என் பள்ளிக்கூட உடுப்பை எடுத்து அலசிப் பிழிந்தாள்.

"இதைக் காயப்போட்டுட்டு உள்ள போ. அப்பா வர நேரம்."