உங்கள் பெட்டியை மாற்றிவிட்டோம், அண்ணி

அண்ணி, இன்று காலையிலிருந்து ஹாலில் சூடேறிய தூசியின் வாசனை. தொலைக்காட்சிக்குக் கீழே நீங்கள் வைத்த பேக்கப் பெட்டிதான். உள்ளே டிஸ்க் டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஜித்ரா கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ரொசாக் ஆயிடுச்சு அக்கா, கெட்டுப்போச்சு, இனிமே தாங்காது லா. உசுரு இருக்கறப்பவே எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திடுங்க" என்றார். புதுப் பெட்டிக்கு வயர் மாட்டியது உங்கள் மகள் தேவி. போலிடெக்னிக்கில் படிக்கிறாள். குனிந்து வேலை செய்யும்போது உங்களைப் போலவே கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

பழைய பெட்டியைத் துடைத்தேன். இடது பக்கத்துப் பள்ளத்தில் என் கட்டைவிரல் அப்படியே உட்கார்ந்தது.

என் அண்ணன் உங்களை அடிப்பான் என்பது பெண்டாங்கில் நாங்கள் பிறந்து வளர்ந்த தெரு முழுக்கத் தெரியும். ஒரு நாள் உடைந்த பல்லோடு, தேவியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸேறி என் வீட்டுக்கு வந்தீர்கள். அலோர் ஸ்டாரில் ஒரு கல்லூரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை உங்களுக்கு. அடுத்த சம்பளம் வந்ததும் வாசலில் ஒரு கேமரா, ஹாலில் ஒரு கேமரா, கூடவே இந்தப் பெட்டி. "உள்ள ரெண்டு டிஸ்க் இருக்கு. ஒன்னு போனாலும் இன்னொன்னுல அதே இருக்கும்" என்று எனக்கு விளக்கினீர்கள்.

அவன் கேட் அருகே வந்து உங்கள் முடியைப் பிடித்து இழுத்தது அதில் பதிவானது. நீங்கள் போலிசில் புகார் கொடுத்தீர்கள். ஆதாரம் வீட்டில் இருக்கும் செய்தி எப்படியோ அவன் காதுக்கும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். துணி காயப்போட நான் கிரில் கதவைத் திறந்திருந்தேன். அவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். இரும்புக் குழாயால் வாசல் கேமராவை நொறுக்கினான். என்னைச் சுவரோடு மோதித் தள்ளிவிட்டு உள்ளே போனான்.

"எங்கடி அந்தப் பொட்டி?"

நீங்கள் ஓடவில்லை. தேவியை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, அதன் முன்னால் நின்றீர்கள். முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் வாசலில் கிடந்த எனக்குக் கேட்டது. அடுத்தது, கீழே விழுந்த உங்கள் வலது கையில். விரல்கள் எந்தப் பக்கம் மடங்க வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் மடங்கியிருந்தன. பிறகு பெட்டியைப் பிடுங்கித் தரையில் அறைந்து, அதன்மேல் ஓங்கி ஒன்று போட்டான். மறுபடி ஓங்கினான். இந்த முறை பெட்டியைப் பார்த்து அல்ல, உங்கள் தலையைப் பார்த்து.

சமையலறையில் சம்பல் இடிக்கும் கல் இருந்தது. அதைப் போய் எடுத்தது எனக்கு நினைவில்லை. அவன் முழங்காலில் அடித்தேன். விழுந்த பிறகு, குழாய் பிடித்திருந்த கையில் அடித்தேன். குழாயை விட்ட பிறகும் அடித்தேன். "தங்கச்சி, தங்கச்சி" என்று அலறினான். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா மகன்களோடு ஓடிவந்து கல்லை என் கையிலிருந்து பிடுங்கும்வரை நான் நிறுத்தவில்லை.

ரத்தத்தில் கிடந்தபடி நீங்கள் சொன்னது இதுதான்: "பொட்டிய யாரும் கரண்டுல மாட்டாதீங்க. அப்படியே போலிஸ்ல குடுங்க."

ஒரு டிஸ்க் செத்துப்போயிருந்தது. இன்னொன்றில் எல்லாம் இருந்தது. ஹாலில் இருந்த கேமராவை அவன் பார்க்கவே இல்லை. தீர்ப்பு வந்த அன்று, நீதிமன்ற வாசலில் அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். "ஒரே வயித்துல பொறந்தவன உள்ள தள்ளிட்டியேடி!" கட்டுப்போட்ட கையோடு நீங்கள் குறுக்கே வந்தீர்கள். "அவள அடிக்காதீங்க அத்தை. அவ இல்லன்னா உங்க மவன் மேல கொலைக் கேஸ்."

அந்தக் கை பிறகு சோற்றைப் பிசையவே இல்லை. கேஸ் முடிந்து திரும்பி வந்த பெட்டியில் இடது கையாலேயே புது டிஸ்க் மாட்டி, தொலைக்காட்சிக்குக் கீழே வைத்தீர்கள். கொஞ்ச வருடங்களில் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், "அந்த வீடியோவ நீயா அழிக்காத, நீயா காட்டவும் செய்யாத. தேவி கேட்டா குடு" என்றீர்கள்.

அண்ணன் தண்டனை முடிந்து வந்துவிட்டான். போன வாரம் அம்மா போன் செய்தாள். "திருந்திட்டான்டி. மகளப் பாக்கணும்னு அழுவறான். அந்தப் பழசயெல்லாம் அழிச்சிடு." போனை வைத்துவிட்டேன்.

இன்று புதுப் பெட்டிக்கு எல்லாம் கொப்பி ஆகத் தொடங்கும்முன் தேவி திரும்பிப் பார்த்தாள். "அத்தே, இந்த ஃபோல்டர்ல என்ன?"

சொன்னேன். அம்மா போனில் கேட்டதையும் சொன்னேன். அன்று கதவுக்குப் பின்னால் சத்தம் மட்டும் கேட்டவள் அவள். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். நான் சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அதையும் மீறி என் அண்ணனின் குரல் கேட்டது. முகம் கழுவிவிட்டு வந்தவள், "அதையும் புதுசுக்கு மாத்திட்டேன். அவர வரச் சொல்லுங்க அத்தே" என்றாள்.

சாயங்காலம் வந்தான். தலை நரைத்துவிட்டது. தேவி கிரிலைத் திறக்கவில்லை.

"அங்கயே நில்லுங்க. நான் பாத்துட்டேன்."

"அன்னிக்கி போதைம்மா. என்ன செஞ்சேன்னே தெரியல."

"போதை மாதிரி தெரியல. எங்க அடிக்கணும்னு பாத்துப் பாத்து அடிச்சீங்க. இனிமே வராதீங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் தேவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். திரும்பி நடந்தான், நொண்டினான். அது நான் அடித்த கால்.

அண்ணி, அந்த அடிக்காக நான் வருந்தவில்லை. இன்னொரு முறை நடந்தாலும் அடிப்பேன். ஆனால் அவன் சாலை முனையில் நின்று சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்தபோது, ஒரு கிளாஸ் தண்ணியாவது கொடுத்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. தேவியிடம் இதைச் சொல்ல முடியாது. அம்மாவிடம் சொன்னால் அதையே பிடித்துக்கொள்வாள். நீங்கள் இருந்திருந்தால் திட்டியிருக்க மாட்டீர்கள். அதனால் உங்களிடம் சொல்லிவிட்டேன்.