வானத்து இரைச்சல் மீது போட்ட வழக்கு

மனுதாரர்: மனுவேல் ரோச், முன்னாள் கடற்படை ஒயர்லெஸ் ஆபரேட்டர், தூத்துக்குடி.

பெறுநர்: ஜில்லா கலெக்டர் அவர்கள், திருநெல்வேலி.

பொருள்: பறிமுதலான ரேடியோ ரிசீவரையும் நோட்டையும் திருப்பித் தரவும், மீனவர் சிலுவை என்பவர் மீதான தடையை நீக்கவும் கோருவது.

கனம் பொருந்திய ஐயா,

1. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய நான் ரேடியோ பழுதுபார்த்துப் பிழைக்கிறேன். பட்டாளத்தார் கழித்துப்போட்ட ரிசீவர் ஒன்றை வாங்கி, தங்கை பிலோமினா வீட்டு மொட்டைமாடியில் கடலைப் பார்த்து ஏரியல் கட்டினேன். லைசென்ஸ் உண்டு. அதில் பேச முடியாது. கேட்க மட்டுமே முடியும்.

2. கன்னிராசிப் பக்கத்து நட்சத்திர மண்டலம் ஒன்று கடலுக்கு மேல் உதிக்கும்போது அதில் இரைச்சல் கூடுகிறது. அந்த மண்டலத்தின் நடுவிலிருந்து அம்பு பாய்ந்ததுபோல் ஒரு ஒளிக்கீற்று நீண்டிருப்பதைப் பெரிய தொலைநோக்கியில் படம் பிடித்திருக்கிறார்கள். கீற்றுக்கும் இரைச்சலுக்கும் தொடர்புண்டா என்றறியும் ஆசையில் தினமும் குறித்துவந்தேன். ஜூன் முதல் தேதி பிற்பகல் இரண்டு மணிக்கு எழுந்த இரைச்சல், நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி, ஜூலை முதல் தேதி நண்பகலுக்கே வந்துவிட்டது. நட்சத்திரங்கள்தான் இப்படி முந்தி உதிக்கும். கள்ளக்கடத்தல்காரர் எவரும் இவ்வளவு நேரந்தவறாதவர் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

3. ஜூலை 11 அன்று ஒயர்லெஸ் இன்ஸ்பெக்டர் திரு. கிருபாநிதி இரண்டு கான்ஸ்டபிள்களுடன் வந்து, ஹெட்போனைக் காதில் வைத்து, "ஏலே, கொழும்புலேர்ந்து எவன்லே பேசுதான்?" என்றார். "பேச்சு இல்லைங்கய்யா. அங்கருந்து வெளிச்சம் வாரதுக்கே பல லட்சம் வருசம் ஆகும்" என்றேன். பறிமுதல் மகஜரில் 'கூட்டாளி தலைமறைவு' என்று எழுதிக்கொண்டார். நான்கு நிமிடக் கணக்கு ரகசியக் குறியீடாம். "கேக்கதுக்குமாய்யா கேசு?" என்று பிலோமினா கேட்டுக்கொண்டிருக்கையிலேயே, ரிசீவரையும் நாற்பத்தொரு நாள் எழுதிய நோட்டையும் எடுத்துப்போனார்.

4. அத்தோடு விடவில்லை. ஏரியல் நீட்டிய திசையில் லாஞ்சுப் படகு அனுப்பினார். அங்கே வலை போட்டிருந்த சிலுவை, ரேடியோவைத் தொட்டும் பாராதவர். அவர் வல்லத்தைத் துழாவியதில் சூடை மீனும் வெற்றிலைப் பெட்டியும் கிடைத்தன. ஆனாலும் லாக்கப்பில் வைத்தார்கள். அவர் மனைவி பிளாரன்ஸ் என் வாசலில் வந்து, "அண்ணே, ஒம்ம நட்சத்திரத்துக்கு எம் புருசனா ஜாமீன்?" என்று கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேரே ஸ்டேஷனுக்குப் போய், குற்றம் இருந்தால் என்னுடையதே என்று எழுதிக்கொடுத்து, இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் சிலுவையை விட்டார்கள்.

5. வரும் 30ஆம் தேதி காலை பத்து மணி நான்கு நிமிடத்துக்குத் தாங்களே ஹெட்போனை மாட்டிக் கேட்க வேண்டுகிறேன். இரைச்சல் எழாவிட்டால் என்னை உள்ளே வையுங்கள். எழுந்தால், தலைமறைவானவரைத் தேடிப் பிடித்துவர இன்ஸ்பெக்டர் அவர்களுக்குப் பல லட்சம் ஆண்டு விடுப்பு அளிக்கக் கோருகிறேன்.

6. என் நோட்டு தாமதமானாலும் பொறுப்பேன். சிலுவை விஷயம் பொறுக்காது. இனிக் கிழக்குத் திசையில் வல்லம் செலுத்துவதில்லை என்று கைநாட்டு வாங்கிக்கொண்டுதான் அவரை வெளியே விட்டிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தைத் தாங்கள் உடனே ரத்து செய்ய வேண்டும். எங்கள் ஊரில் கடல் கிழக்கே மட்டும்தான் இருக்கிறது.

தூத்துக்குடி,
25-7-1949.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மனுவேல் ரோச்