பிடியை அளந்தவர்கள்

அண்ணே, எழுதும்போது தடம் மாறிவிடுவேனோ என்ற பயத்தில் முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. இன்று காலை என் கையில் கொடுத்த கருவி.
2. உங்களைச் சோதித்த டாக்டரின் அறிவீனம்.
3. அந்தச் சோதனையை நீங்கள் தோட்டத்துப் பெரட்டு என்று நினைத்துக்கொண்டது.

மந்தின் ஊர் கிளினிக்கில் ஒரு பெண், பிடி அளக்கும் கருவியை நீட்டி, "அங்கிள், முடிஞ்ச மட்டும் அமுக்குங்க" என்றாள். முள் அசையவே யோசித்தது. நீங்கள் இருந்த மனநோய் வார்டில் இதே மாதிரிக் கருவியை நீங்கள் அமுக்கியபோது முள் மறுகோடிக்கு ஓடியது நினைவுக்கு வந்தது.

அந்த இளம் டாக்டரை இன்றும் என்னால் மதிக்க முடியவில்லை. வயதான மனநோயாளிகளில் யார் தளர்ந்துவிட்டார், யார் சாவை நெருங்குகிறார் என்று கண்டறிய வந்தவர் அவர். தளர்ந்தவர் என்று எழுதியிருந்தால், உங்களைத் தள்ளாட வைத்த மாத்திரையைக் குறைத்திருப்பார்கள். அவரோ ஆயுள் முழுக்க ரப்பர்ப் பால்மரம் சீவிய கையை அளந்தார். மெலிந்த இடுப்பில் நிற்காமல் சரோங் நழுவியதைப் பார்க்கவில்லை.

"களைப்பா இருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்கய்யா" என்று விறைத்து நின்றீர்கள். நடக்கச் சொன்னதும் ஏறக்குறைய ஓடினீர்கள்.

"அங்கிள் ஸ்ட்ரோங்லா! நம்ம எல்லாரையும் அனுப்பிட்டுத்தான் போவாரு" என்று சிரித்தார். படித்தவர் சிரிப்பு. மாத்திரை குறையவில்லை. அந்த மழைக்காலத்திலேயே குளியலறையில் விழுந்தீர்கள், பிறகு எழவில்லை.

உங்கள் மேலும் எனக்கு இளப்பம்தான். விடியலில் கங்காணி பெயர் கூப்பிடும் பெரட்டில் சோர்ந்து நிற்பவனுக்கு அன்று வேலை இல்லை. புக்கிட் பெலண்டோக் தோட்டத்தை விட்டு எவ்வளவோ காலமாகியும், வெள்ளைச் சட்டையைக் கண்டால் முதுகை நிமிர்த்தும் அந்த அடிமைப் பழக்கம் உங்களை விடவில்லையே என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

இதை எழுதும்போதுதான், டாக்டர் போனதும் மூச்சு வாங்கிக்கொண்டே நீங்கள் சொன்னது எனக்கு முழுதாகக் கேட்கிறது.

"நல்லா நடந்தேன்லடா தம்பி? இனி வீட்டுக்கு அனுப்பிருவான்லா. உன் ரூம்ல ஒரு ஓரம் போதும்."

பிதற்றல் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். அந்த ஓரத்தில் இப்போது என் ஊன்றுகோல் சாய்ந்திருக்கிறது.

மூன்றாவதாக எழுதியது தவறு, அண்ணே. நீங்கள் பெரட்டுக்கு நிற்கவில்லை.