விட்டுப்போன வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பா,

சாப்பிட்டீங்களா? முட்டி வலி தேவலையா? இத மொதல்ல நீங்க மட்டும் படிங்க, அம்மாகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்.

மூணு வாரமா போன் எடுக்காதது கோவத்துல இல்லப்பா. குரலே வரல. ரெண்டு மாசம் முன்னாடி நம்ம கிரிக்கெட் டீம் ஜெயிச்ச அன்னைக்குக் கத்துனதுலதான் தொண்டை போச்சுன்னு நெனச்சேன். கேன்சராம். ஆரம்பத்துலயே பாத்துட்டாங்க, பயப்படாதீங்க! திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் தினம் கொஞ்சம் கதிர்வீச்சு, மொத்தம் இருபத்தெட்டு நாள்.

நான்தான் நெட்ல படிச்சு பாதி டாக்டராச்சே! ஒரு வெள்ளிக்கிழமை குடோன்ல லீவு தரல. திங்கக்கிழமை போய், "ரெண்டு நாளுதையும் சேர்த்துக் குடுங்க"ன்னு எழுதிக் காட்டினேன். கதிர்வீச்சு மெஷின் ஓட்டுற அக்கா முறைச்சாங்க.

"ஏம்மா, இது என்ன மொபைல் டேட்டாவா, மிச்சத்த சேர்த்துக்க? டபுளா குடுத்தா நல்ல சதையும் வெந்துடும். நாள் விட்டா கட்டி திரும்ப வளரும்."

அப்புறம் டாக்டர் காலையில ஒண்ணு, ஆறு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணுன்னு ஈடுகட்டினாரு. அந்த ஆறு மணி நேரமும் வராண்டா பெஞ்சுல தனியா உக்காந்து, அது வளந்திருக்குமோன்னு தொண்டையத் தடவிட்டே இருந்தேன்.

இன்னும் பதினாறு இருக்கு. வேலையே போனாலும் இனி ஒரு நாள் விடமாட்டேன்.

உங்க பழைய காட்டன் சட்டை ரெண்டு, காலர வெட்டிட்டு அனுப்புங்க. கழுத்து எரியுது. தினம் போன் பண்ணுங்கப்பா, ப்ளீஸ். எடுப்பேன், பேச முடியாது. நீங்களே பேசுங்க. மூச்சு சத்தம் கேட்டா, அது நான்தான்.

டோக்கன் கூப்பிட்டாங்க, போறேன்.

உங்க லவுட்ஸ்பீக்கர்